போட்டாச்சு

காது நுனியில் ரத்தம் வரவில்லை.

லிஃப்ட்காரர் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அந்தக் காதை இன்னொரு முறை ஒற்றினார். ரோமம் விலகிய ஓரத்தில் மெல்லிய நரம்பு சிவந்து தெரிந்தது. ஊசிமுனையை வைத்து அழுத்தினார். கடுகு அளவு ஒரு துளி எட்டிப் பார்த்தது. அது உருண்டு ஓடுவதற்குள் சோதனைப் பட்டையின் நுனியைக் கொண்டுபோய் ஒட்டினார். கருவி துளியை உறிஞ்சிக்கொண்டு எண்ண ஆரம்பித்தது. ஐந்து... நான்கு... மூன்று...

முன்னறையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

312.

பூனைக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஊசி போட வேண்டியதுதான்.

பூனையின் பெயர் மேனேஜர். தான் ஒரு வேலையும் செய்யாமல், சுற்றி இருப்பவர்கள் செய்வதையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் மனைவி வைத்த பெயர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் இப்படித்தான் சொல்வாள்: "இவர் மேலயும் கீழயும் போவாரு. நான் முன்னயும் பின்னயும் போவேன். நடுவுல மேனேஜர் மட்டும் ஒரே இடத்துல உக்காந்து சம்பளம் வாங்குவாரு."

இவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள்.

ஓட்டியவள். இந்தச் சொல் நேற்றுப் பிற்பகல்தான் அமலுக்கு வந்தது. கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு வந்து, வேனை வாசலில் அதன் வழக்கமான இடத்தில் ஒட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்திருக்கிறாள். அதற்கப்புறம் இறங்கவில்லை. மாடி வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, செல்போனில் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத் துணி காயப்போடப் போய்விட்டார். இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இப்போது அவள் முன்னறையில், கட்டிலில், வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தாள்.

"மாமா, இங்கயா இருக்கீங்க?"

மனைவியின் தம்பி சமையலறை வாசலில் நின்றான். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, இரவு முழுவதும் அழுத முகம்.

"வாசல்ல உங்க கம்பெனி ஆளுங்க வந்திருக்காங்க. உங்களைத்தான் கேக்கறாங்க. என்ன பண்றீங்க?"

"மேனேஜருக்கு ஊசி."

"இன்னிக்குமா?"

"சுகருக்கு லீவு கிடையாதாம்." சொன்ன பிறகுதான், அது தன்னுடைய வாக்கியம் இல்லை, அவளுடையது என்பது அவருக்கு உறைத்தது.

மச்சான் உள்ளே வந்து, குரலைத் தணித்துக்கொண்டான். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இதை யார்கிட்டயாவது குடுத்துடலாம் மாமா. அக்காவே போயிட்டா. தினம் ரெண்டு வேளை காதைக் குத்தி, ஊசி போட்டு... உங்களால ஆகுமா? உங்களுக்கு வெந்நீர் வேணும்னாலே நீங்க பக்கத்துல இருக்கறவங்களைத்தான் பார்ப்பீங்க."

"அப்புறம் பேசலாம்."

"நல்ல இடமா நான் பார்க்கறேன். நாளைக்கே வேணும்னாலும்..."

"அப்புறம்னு சொன்னேன்ல?"

மச்சான் போனான். லிஃப்ட்காரர் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்து இன்சுலின் புட்டியை எடுத்தார். குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்ட வேண்டும். உருட்டினார். சிரிஞ்சில் இரண்டு கோடு வரை இழுத்தார். காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றினார். எல்லாம் நூறு தடவை பார்த்தது. நேற்றுவரை பிடிப்பது இவர் வேலை, போடுவது அவள் வேலை. இன்றைக்கு இடது முழங்கையால் பூனையை விலாவோடு அணைத்து, விரல்களால் தோலைக் கூடாரம்போல் தூக்கி, வலது கையால் ஊசியைச் செருகினார். மேனேஜர் திரும்பிப் பார்த்தது. கத்தவில்லை.

முதல் தடவை. ஒரு பிசகும் இல்லை.

அவள் அவரிடம் அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சந்தேகமா இருந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது. கூடப் போட்டா ஆள் காலி."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது.

சற்று முன்னால், முகம் கழுவிக்கொண்டு வந்த மகளிடம் கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருந்தார். "மேனேஜருக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா."

தட்டிலும் உணவு பாதி காலியாகி இருந்தது. சாப்பிட்டாயிற்று, இனி ஊசி. வரிசை சரியாகத்தான் இருந்தது.

*

அதன் பிறகு காலை அதுபாட்டுக்கு நகர்ந்தது. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்தார்கள். விட்டார்கள். அடுத்தவர்கள் பிடித்தார்கள். வேனில் போகும் குழந்தைகளின் அம்மாக்கள் சிலர் வந்தார்கள். ஒருத்தி, "என் பையன் வேன் ஆன்ட்டி எப்ப வருவாங்கன்னு கேக்கறான், என்ன சொல்றதுன்னே தெரியல," என்று அவரிடமே பதில் கேட்பதுபோல் நின்றாள். "சாப்பிட்டுப் போங்க," என்றார் அவர். அந்தப் பெண் திகைத்தாள். சாப்பிட அங்கே எதுவும் இல்லை.

"அழுதுடுங்க சார். உள்ள வெச்சுக்கக் கூடாது," என்றான் கம்பெனி ஆள் ஒருவன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே விடுவதற்கு? இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மின்விசிறிகூடச் சுற்றும். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அப்படித்தான் இருந்தது அவருக்கு.

மயானத்து வண்டி வந்தது. அவளைத் தூக்கினார்கள். மகள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானாகவே விட்டாள். மச்சான் வண்டிக்குள் அக்காவின் அருகே ஏறிக்கொண்டான். உறவுக்காரர்கள் தங்கள் கார்களில் ஏறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் மனைவியின் அக்காவும் மாடி வீட்டு அக்காவும்தான்.

"நம்ம வேன்லயே போயிடலாம் பெரியம்மா. நான் ஓட்டறேன்," என்றாள் மகள். ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த வேனில்தான்.

வீட்டைப் பூட்டும் முன் மூக்குக் கண்ணாடியை எடுக்கப் படுக்கையறைக்குப் போனார் லிஃப்ட்காரர்.

மேனேஜர் கட்டில்மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏற முடியவில்லை. முன்னங்கால்கள் விரிப்பைப் பற்றியிருக்க, பின்னங்கால்கள் தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தன. குடிகாரன் மதில் ஏறுவதுபோல் இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை பக்கவாட்டில் சரிந்தது. கண் இரண்டும் கறுப்பாக விரிந்து கிடந்தன. தாடை தனியாக வெட்டி வெட்டி இழுத்தது.

"ஏம்மா! இங்க வா!"

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று மகளை ஓடி வர வைத்தது.

"காலைல இவன் சரியாச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டானேப்பா. பாதித் தட்டு தின்னான். அப்புறம்தானே ஊசி போட்டேன்."

"என்ன போட்ட?"

"ஊசி. ரெண்டு யூனிட். அம்மா போடற மாதிரியேதான். நீங்களும் கேட்டீங்க, போட்டாச்சுன்னு சொன்னேனே."

"நான் சாப்பாடு போட்டாச்சான்னு கேட்டேன்."

மகள் அவரைப் பார்த்தாள்.

"அப்பா... நீங்க..."

"நானும் போட்டேன்."

வெளியே மயானத்து வண்டி ஒரு முறை ஹாரன் அடித்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் மேலே இயந்திர அறையில், ஒருவன் கீழே குழியில். இரண்டு பேருக்கும் நடுவில் குரல் மட்டும்தான். அங்கே "போட்டாச்சு" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. என்ன போட்டாச்சு? பூட்டா, சுவிட்சா? "மெயினை அணைச்சுட்டேன்" என்று மேலே இருப்பவன் முழுசாகச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவன் வாய் தவறிப் "போட்டாச்சு சார்" என்றால், லிஃப்ட்காரர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறிப் போய் அவனைக் காய்ச்சிவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார். இத்தனை வருஷத்தில் அவர் ஆட்களில் ஒருவனுக்கும் விரல்கூட நசுங்கியதில்லை.

வீட்டில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. அவர் ஒரு முறை ஆரம்பித்தபோது, "இது வீடா, லிஃப்ட் குழியா?" என்று மனைவி கேட்டுவிட்டாள். சாப்பாடும் போடுவார்கள், ஊசியும் போடுவார்கள், விளக்கும் போடுவார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அவள் இருந்தவரை குழப்பம் வரவில்லை. போடுகிற ஆள் ஒருத்திதான்.

"அளந்து பாருங்கப்பா, நான் டாக்டரைக் கூப்பிடறேன்!"

இந்த முறை காதில் ரத்தம் சட்டென்று வந்தது. ஐந்து... நான்கு... மூன்று...

38.

*

"வாயில எதையும் ஊத்திடாதீங்க, புரை ஏறிடும்." கால்நடை டாக்டரம்மாவின் குரல் போனில் சரளமாக வந்தது. "சர்க்கரையைக் கெட்டியாக் கரைச்சு, விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. தேய்ச்சுக்கிட்டே இங்க தூக்கிட்டு வந்துடுங்க. ட்ரிப் ஏத்தணும். அங்க உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, புரியுதா?"

"டாக்டர், இன்னிக்கு எங்க வீட்ல..."

"வீட்ல எதுவும் பண்ண முடியாதும்மா. கிளம்புங்க!" போன் துண்டிக்கப்பட்டது.

லிஃப்ட்காரர் பூனையைத் துண்டோடு சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்றிருந்த கம்பெனி ஆள் வழியை மறித்தான். "சார், என்ன ஆச்சு?"

"மேனேஜருக்குச் சுகர் இறங்கிடுச்சு."

"ஐயோ! நம்ம மேனேஜருக்கா? இப்பதானே சார் கார்ல ஏறினாரு, நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு!"

விளக்கம் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

வேனில் எல்லாம் குழந்தைகளுக்கான இருக்கைகள். மனைவியின் அக்கா முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். மாடி வீட்டு அக்கா ஒருக்களித்து, ஒன்றரை இருக்கையை நிறைத்திருந்தார். லிஃப்ட்காரர் நடுவில், தரையிலேயே மண்டியிட்டார். மகள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது.

வண்டி நகரவில்லை.

மகளின் கை கைப்பிரேக்கின்மேல் இருந்தது. நேற்றுப் பிற்பகல் இழுத்துவிடப்பட்டது. அதன் பிறகு யாரும் தொடவில்லை.

"போம்மா," என்றார் அவர்.

மகள் அதைக் கீழே இறக்கினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்று பெரியம்மா ஆரம்பித்தார். "பொண்டாட்டியை வழியனுப்பப் போற மனுஷன் மடியில பூனையோட வராரு. பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க? ஏன் தம்பி, ஒரு பூனைக்கு இம்புட்டா?"

"அக்கா, அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் பிடிங்க."

பெரியம்மா சர்க்கரைக் கரைசல் இருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "எங்க வீட்லயும் பூனை இருந்துச்சு. காய்ச்சல்னா ஒரு மூலையில போய்ப் படுத்துக்கும், தானா எந்திரிச்சு வரும். அதுக்கு ஊசி, அதுக்கு மிஷினு, அதுக்கு தனியா டாக்டரு. என் தங்கச்சி பண்ணின கூத்து இது. வேளாவேளைக்கு வீட்டுக்கு ஓடணும்னு என் பேத்தி கல்யாணத்துல பந்தியில பாதியில எந்திரிச்சவதானே அவ?"

லிஃப்ட்காரர் விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, பூனையின் உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தார். பிசுபிசுப்பு விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்தது. மறுபடி தோய்த்தார். மறுபடி தேய்த்தார். வளைவுகளில் வேன் சாய்ந்தபோதெல்லாம் பெரியம்மாவின் வாய் ஓயாமல் பேசியது. கை மட்டும் கிண்ணத்தைச் சமமாக, ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்திருந்தது.

கண்ணாடிக்கு வெளியே, இரண்டு கார்களுக்கு முன்னால் மயானத்து வண்டியின் பின்கதவு தெரிந்தது.

பெரிய சந்திப்பு. பச்சை விளக்கில் மயானத்து வண்டி நேராகக் கடந்து போனது. பின்னால் போன கார்களும் கடந்தன. வேன் கிட்டே வரும்போது சிவப்பு விழுந்தது. மகள் பிரேக் போட்டாள்.

மயானம் நேரே. கால்நடை ஆஸ்பத்திரி இடது பக்கம்.

யாரும் பேசவில்லை. பெரியம்மாகூட.

லிஃப்ட்காரரின் செல்போன் அடித்தது. மச்சான்.

"மாமா, எங்க இருக்கீங்க? பின்னாடியே வரீங்கல்ல? நமக்குக் குடுத்த நேரம் தவறினா அடுத்தவங்களை உள்ள விட்டுடுவாங்களாம், இப்பவே சொல்லிட்டாங்க. மாமா? கேக்குதா?"

"கேக்குது."

"முகத்தை மூடறதுக்கு முன்னாடி நீங்க நிக்கணும் மாமா. சீக்கிரம்."

அவர் போனை அணைத்தார். மடியில் மேனேஜரின் வயிறு ஏறி இறங்குவது, துண்டுக்கு மேலாகக் கையில் தெரிந்தது. ஏறியது. இறங்கியது. பிறகு வெகு நேரம் ஏறவில்லை. பிறகு ஏறியது.

"அப்பா?" மகள் திரும்பவில்லை. அவள் விரல் இன்டிகேட்டர் கம்பிமேல் இருந்தது. "நேராவா, லெஃப்ட்டா?"

பெரியம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டு அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லெஃப்ட்ல திருப்பு," என்றார் லிஃப்ட்காரர். பிறகு, குரல் அவளுக்கு எட்டியதோ இல்லையோ என்பதுபோல, "லெஃப்ட்," என்றார் மறுபடி.

"லெஃப்ட்," என்று மகள் திருப்பிச் சொன்னாள்.

வேன் திரும்பியது. பெரியம்மா கிண்ணத்தின் அடியில் கரையாமல் தங்கிப்போன சர்க்கரையைத் தன் சுண்டுவிரலால் கலக்கி, அவர் பக்கம் நீட்டினார்.

*

டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பூனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முன்னங்காலில் ரோமத்தை மழித்து, ஊசியைச் செருகி, குளுக்கோஸை ஏற்றும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தபோது, திட்டுவதற்காகத்தான் பார்த்தார்.

"ரெண்டு தடவையா? எப்படிங்க? ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?"

"கேட்டோம்," என்றார் லிஃப்ட்காரர்.

"என்னத்தைக் கேட்டீங்க! இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இவன் இல்லை. அம்மா எங்க? அவங்க இருந்தா இப்படி விட்டிருக்கவே மாட்டாங்களே. ஊர்ல இல்லையா?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"இல்லை," என்றார் அவர்.

"நான் திட்டினேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. பூனையை இவங்களை நம்பி விட்டுட்டுப் போகாதீங்கன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"இவன் சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ட்ரிப்பை எடுத்தா மறுபடி இறங்கும். நீங்க இங்க நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஏதாவது வேலை இருந்தா பார்த்துட்டு வாங்க."

"ஒரு வேலை இருக்கு," என்றார் அவர்.

*

மின்மயானத்தின் வாசலில் மச்சான் நின்றிருந்தான். வேன் உள்ளே நுழைவதைப் பார்த்தும் அவன் கையை அசைக்கவில்லை. அதைப் பார்த்ததுமே மகள் வேகத்தைக் குறைத்துவிட்டாள். இனி அவசரப்பட என்ன இருக்கிறது?

"முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பிடிச்சேன் மாமா. சண்டைகூடப் போட்டேன். பின்னாடி இன்னொரு குடும்பம் காத்துக்கிட்டு இருந்துச்சு. அவங்களும் பாவம்தானே? போனது சின்னப் பையன் மாமா." அவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டான். "நான்தான் பட்டனை அழுத்தினேன்."

"சரி."

"நீங்க அழுத்தியிருக்கணும்."

"சரிதான் விடு."

"பூனை?"

"ட்ரிப் ஏறுது."

மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்தான். அது கோபமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பாதி வழியில் அழுகையாக மாறி, அவன் லிஃப்ட்காரரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சட்டையெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு. அவன் கன்னத்தில் ஒட்டியது.

உள்ளே போனார்கள். நீளமான கூடம். முடிவில் இரும்புக் கதவு, மூடியிருந்தது. பக்கத்துச் சுவரில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் உள்ள ஒரு பெட்டி. உறவுக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அங்கே ஏதாவது நடக்கும் என்று.

அவர் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காற்றை ஊதித் தள்ளும் மோட்டாராக இருக்கும். பேரிங் தேய்ந்திருக்கிறது, சத்தத்திலேயே தெரிந்தது. எண்ணெய் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மாற்றிவிடுவது நல்லது. அவர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிசுக்கு அவள் கைக்கும் போனது.

"யாருக்குப்பா நாம கெட்டது பண்ணிட்டோம்?" என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மாவுக்கா?"

மோட்டார் ஓடியது.

*

சாயங்காலம் போனபோது மேனேஜர் இரும்புக் கூண்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்க் கூண்டில் இருந்த நாய்க்குட்டியை முறைத்துக்கொண்டிருந்தது. முன்னங்காலில் கட்டு. எதிரில் வழித்து நக்கப்பட்ட தட்டு.

"நூத்தி நாப்பத்தாறு," என்றார் டாக்டரம்மா. காலையில் இருந்த காரம் குரலில் இல்லை. "பிழைச்சுட்டான். ராத்திரி சாப்பிட மட்டும் குடுங்க, ஊசி வேண்டாம். நடுவுல ரெண்டு மூணு தடவை அளந்து பாருங்க, அறுபதுக்குக் கீழ இறங்கினா உடனே கூப்பிடுங்க. காலைல எவ்வளவு இருக்குன்னு எனக்குச் சொல்லிட்டு, அப்புறமா போடலாம். அளவைக் குறைக்கணும்."

"காலைல அளந்து, உங்ககிட்டச் சொல்லிட்டு, அப்புறம் ஊசி," என்று லிஃப்ட்காரர் திருப்பிச் சொன்னார்.

"இன்னொண்ணு. வீட்ல யாராவது ஒருத்தர்தான் ஊசி போடணும். ஆளாளுக்குப் போடற வேலையே கூடாது. அம்மாவே பார்த்துக்கட்டும். எப்ப வராங்க?"

"இனிமே நான்தான்," என்றார் அவர்.

டாக்டரம்மா கூண்டைத் திறந்து பூனையைத் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கியபடியே நின்றார். லிஃப்ட்காரரின் கசங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். வாசலில், வேனுக்குப் பக்கத்தில், மயானத்துக்குப் போய்வந்த காலோடு உள்ளே நுழையாமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த வயதான பெண்மணியைப் பார்த்தார்.

பூனையை அவர்கள் கொண்டுவந்திருந்த கூடைக்குள் விடாமல், மேசைமேல் இறக்கினார். ஊசி இல்லாத ஒரு வெறும் சிரிஞ்சை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இவனைப் பிடிக்க ஆள் இல்லைன்னா எப்படிப் போடணும்னு காட்டறேன். சுவர் மூலையில உக்கார வைங்க. பின்னாடி போக இடமில்லாம இருக்கணும். உங்க வயித்தால லேசா அணைச்சுக்கோங்க. அப்படி இல்லை, இன்னும் கிட்ட. ஆங். இப்ப ரெண்டு கையும் உங்களுக்கு மிச்சம், பாருங்க."

அவர் செய்தார். டாக்டரம்மா இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தார். மூன்றாவது முறை செய்தபோது, "போதும். வந்துடும்," என்றார் டாக்டரம்மா. கட்டணம் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வாசல்வரை வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

முழங்கால் வலி தாங்காமல் பெரியம்மா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். மச்சான் போன் பண்ணினான். பூனையைக் கேட்டு ஒருவர் நாளைக்கு வரத் தயார் என்றான். "வேண்டாம்னு சொல்லிடு," என்றார் லிஃப்ட்காரர்.

அவர் பின்னால் போய், முதல் வரிசையில், குழந்தைகளின் இருக்கையில் உட்கார்ந்தார். பூனைக்கூடையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். அது ஒரு குழந்தையின் இடுப்பளவுக்கு இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. கூடைக்குச் சரியாக இருந்தது.

வேன் கிளம்பியது. லிஃப்ட்காரர் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுநருக்கு மேலே, நடுவில் இருந்த கண்ணாடி, பின்னால் வருகிற வண்டிகள் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கவில்லை. குழந்தைகளைக் கவனிக்க அவள் நன்றாகக் கீழே சாய்த்து, இருக்கைகள் வரிசையாகத் தெரியும்படி வைத்திருந்தாள். மகள் பின்னால் பார்க்க வேண்டியபோதெல்லாம் பக்கத்துக் கண்ணாடிகளைத்தான் பார்த்தாள். நடுக் கண்ணாடியைத் திருப்ப ஒரு முறை கையை உயர்த்தினாள். தொடாமல் மறுபடி ஸ்டீயரிங்குக்கே கொண்டுபோனாள்.

கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவரைப் பார்த்தன, பிறகு கூடையைப் பார்த்தன, பிறகு சாலைக்குப் போயின.

லிஃப்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கையை உள்ளே எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.